குடியா, தனிமையா, உடுப்பா? பாலியல் வன்முறைக்கு உண்மையில் எது காரணம்

கேள்வி: எங்கள் ஊரில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்றை அவளுடைய உறவினர் ஒருவரே பல மாதங்களாகப் பாலியல் துஷ்பிரயோகம் செய்திருக்கிறார். கோயில் வேலையென்றால் முன்னுக்கு நிற்பவர், எல்லோருக்கும் உதவுபவர். இப்போது பிணையில் வந்து ஊரில்தான் இருக்கிறார். "மனைவி குவைத்தில், ஆண்பிள்ளை என்ன செய்வான்", "குடிவெறியில் நடந்துவிட்டது", "பிள்ளை போடுகிற உடுப்பும் சரியில்லை" என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையின் படம்கூட முகநூலில் வந்துவிட்டது. எனக்கு பதினைந்து, பன்னிரண்டு வயதில் இரண்டு மகன்மார். ஒன்பது வயதில் ஒரு மகள். இப்படிச் செய்யக்கூடியவரை எப்படி அடையாளம் காண்பது? என் மகன்மார் இப்படி ஆகாமல் வளர்ப்பது எப்படி? அவர் என் கணவருக்கும் சொந்தம். அம்மன் சடங்கு வருகிறது, வீட்டுக்கு வருவார். நான் என்ன செய்வது?
– மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலிருந்து ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் எழுதியிருக்கும் மூன்று காரணங்களையும் உளவளத்துணைப் பணியில் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மூன்றும் செய்வது ஒரே வேலையைத்தான். ஒரு மனிதர் தானே எடுத்த முடிவை அவர் தலையிலிருந்து இறக்கி, சாராயப் போத்தலிலோ குவைத்திலோ ஒரு சிறுமியின் சட்டையிலோ ஏற்றிவிடுகின்றன. அதனால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குடி உண்மையிலேயே ஆபத்தைக் கூட்டும். தயக்கத்தைக் குறைக்கும், கோபத்தை வளர்க்கும்; கசிப்பு என்ற கள்ளச்சாராயம் ஓடுகிற ஊரில் பெண்களும் பிள்ளைகளும் படும் பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய சம்பவங்களில் பிள்ளைகள் சொல்வதை ஒருமுறை உன்னிப்பாகக் கேட்டுப்பாருங்கள். தம்பியின் கையில் காசைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பியிருப்பார். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டியிருப்பார். அம்மம்மா வயலுக்குப் போகும் நேரம் அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு, "சொன்னால் அம்மாவை வெளிநாட்டிலிருந்து அனுப்பிவிடுவார்கள்" என்று பிள்ளையைப் பயமுறுத்தியும் இருப்பார். இவ்வளவையும் ஒழுங்குபடுத்தத் தெரிந்தவரை வெறியில் நிலை தடுமாறியவர் என்று எப்படிச் சொல்வது? அதுவும் பல மாதங்களாக?

மனைவி வெளிநாட்டில் என்ற பேச்சு எனக்கு அதைவிடக் கோபத்தைத் தருகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனை பெண்கள் சவூதியிலும் குவைத்திலும் கட்டாரிலும் உழைக்கிறார்கள்! அவர்களுடைய கணவன்மார் காலையில் எழும்பி சோறு சமைத்து, மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னி, வெள்ளை ரிப்பன் கட்டி, சைக்கிளில் ஏற்றிப் பாடசாலை வாசலில் இறக்கிவிட்டுத்தான் கூலி வேலைக்குப் போகிறார்கள். பின்னல் கோணலாக இருக்கும். பிள்ளை பத்திரமாக இருக்கும். "ஆண்பிள்ளை என்ன செய்வான்" என்று சொல்பவர்கள் இந்தத் தகப்பன்மாரை அவமதிக்கிறார்கள். மனைவியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்துகொண்டே பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அடக்க முடியாத ஆசைதான் காரணம் என்றால் இந்த இரண்டுக்கும் விளக்கம் கிடையாது.

உடுப்பைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. பாடசாலைச் சீருடையிலும், பர்தாவிலும், நைந்த வீட்டுச் சட்டையிலும் இருந்தவர்களுக்கு இது நடந்திருக்கிறது, கைக்குழந்தைகளுக்கும் நடந்திருக்கிறது. "மனநோயாக இருக்கும்" என்பதும் அப்படித்தான். இதைச் செய்பவர்களில் பெரும்பாலானோருக்குக் கடுமையான மனநோய் எதுவும் இல்லை. மனநோயுள்ளவர்கள் வன்முறைக்கு ஆளாவதுதான் அதிகம்.

அப்படியானால் எது காரணம்? செய்தவர்களிடமே கேட்ட ஆய்வொன்று இருக்கிறது. ஆசிய பசிபிக் நாடுகள் ஆறில் 10,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் ஆதரவுடன் நடத்தப்பட்டு, 2013இல் வெளியானது. இலங்கையும் அதில் ஒரு நாடு. இங்கே எடுத்துக்கொண்ட மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. வன்புணர்வு என்ற சொல்லையே உபயோகிக்காமல், சம்மதம் இல்லாத ஒரு பெண்ணுடன் உறவு கொண்டதுண்டா என்று கேட்டார்கள். ஆம் என்றவர்களிடம் ஏன் என்று கேட்டார்கள். ஒருவர் பல காரணங்களைச் சொல்லலாம். நூற்றுக்கு 73 பேர் சொன்ன காரணம், தங்களுக்கு அது உரிமை என்ற நினைப்பு: விரும்பினேன், எடுத்துக்கொண்டேன். 59 பேர் பொழுதுபோக்கு, வேடிக்கை என்றார்கள். 38 பேர் கோபம் அல்லது அந்தப் பெண்ணைத் தண்டிக்கும் எண்ணம் என்றார்கள். குடியைச் சொன்னவர்கள் 27 பேர்தான். குற்றம் செய்தவர்களே கடைசியாகச் சொன்ன காரணத்தை நம் ஊர் முதலாவதாகச் சொல்கிறது.

உரிமை என்ற இந்த நினைப்பு வானத்திலிருந்து விழுவதில்லை. நம் வீடுகளிலேயே அது சிறுகச் சிறுகச் சேர்கிறது. மச்சான், மச்சாள் கேலி நம் பக்கத்தில் எவ்வளவு இயல்பானது என்று உங்களுக்குத் தெரியும். அதில் அன்பும் இருக்கிறது, அழகும் இருக்கிறது. ஆனால் பதினான்கு வயதுப் பெடியன் மச்சாளின் பின்னலைப் பிடித்து இழுக்கிறான், இடுப்பில் கிள்ளுகிறான். அவள் முகம் சுருங்கிப் போகிறது. சுற்றியிருக்கும் பெரியவர்கள் "முறைகாரன்தானே" என்று சிரிக்கிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் அவன் எதைக் கற்றுக்கொள்கிறான்? அவளுடைய முகம் கணக்கில் இல்லை, முறைதான் கணக்கு என்பதை. அவள் கற்றுக்கொள்வது, சொன்னாலும் கேட்க ஆள் இல்லை என்பதை. நம் வழக்கப்படி வீடும் வளவும் பெண்ணின் பெயருக்கு எழுதப்படுகின்றன. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் நம் பெண்கள் பாதுகாப்பானவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். காணி உறுதி அவள் பெயரில் இருந்தும் அவள் உடம்பு வேறொருவரின் உரிமை என்றால் அந்த உறுதியால் என்ன பயன்? இலங்கைச் சட்டமே இந்த இடத்தில் தடுமாறுகிறது: நீதிமன்றம் பிரித்து வைத்திருந்தால் ஒழிய, கணவன் மனைவியை வன்புணர்வது தண்டனைச் சட்டக்கோவையில் இன்னும் குற்றமில்லை.

இந்த நினைப்பு மட்டும் இருந்தால் போதாது. அகப்படமாட்டேன் என்ற நம்பிக்கையும் வேண்டும். அதைக் கொடுப்பது ஊர். அதே ஆய்வில், வன்புணர்வை ஒப்புக்கொண்ட இலங்கை ஆண்களில் நூற்றுக்கு 97 பேர் அதற்காகச் சட்டத்தின் எந்த விளைவையும் சந்திக்கவில்லை. கோயில் நிர்வாகமோ பள்ளிவாசலோ கூடிப் பேசி, தண்டப்பணம் வாங்கி, செய்தவரைக் கொஞ்சக் காலம் கட்டாருக்கோ கொழும்புக்கோ அனுப்பிவிட்டுப் "பெண் பிள்ளையின் எதிர்காலம்" என்று சொல்லி முடித்துவைத்த கதைகள் படுவான்கரையிலும் உண்டு, வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் உண்டு. அடுத்துச் செய்யக்கூடியவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் சீருடைக்காரர்களால் நம் பெண்கள் பட்ட துன்பத்தை, 1997இல் அம்பாறை மாவட்டத்தில் மத்திய முகாம் என்ற ஊரில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை, மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. ஆனால் அந்த நினைவு நம் கண்ணை வெளியாட்கள் மீதே நிறுத்திவிட்டது. செய்தவர் வேறு சமூகத்தவர் என்றால் கடையடைப்பு, ஊர்வலம்; நம்மவர் என்றால் கிசுகிசு. பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்பவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்கு நன்கு தெரிந்தவர்கள். இது உலகெங்கும் திரும்பத் திரும்ப உறுதியான உண்மை.

ஆகவே முகத்தைப் பார்த்து அறிய முடியாது, சகோதரி. நடத்தையைப் பார்த்து ஓரளவு அறியலாம். இப்படிப்பட்டவர் பெரும்பாலும் முதலில் வசப்படுத்துவது பெற்றோரை. டியூஷனுக்கு நான் ஏற்றிப்போகிறேன் என்பார், கைபேசிக்கு ரீலோட் போட்டுக் கொடுப்பார், கொப்பி வாங்கித் தருவார். பிறகு எல்லோர் முன்னிலையிலும் சின்னதாக ஒன்றைச் செய்து பார்ப்பார்: பிள்ளை நெளிந்தும் மடியிலிருந்து இறக்கமாட்டார், கூச்சப்படுத்தும் பகிடி விடுவார். யாரும் தடுக்கவில்லை என்றால் அடுத்தது தனிமை, அதற்கடுத்தது "அம்மாவிடம் சொல்லாதே". உதவி செய்பவர் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர் அல்லர். பிள்ளை "வேண்டாம்" என்று சொன்னபின் அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். உண்மையான அன்புள்ளவர் உடனே கையை எடுத்துவிடுவார்.

உங்கள் மகன்மாரைப் பற்றிக் கேட்டதுதான் என்னை நீண்ட பதில் எழுதத் தூண்டியது. அதே ஆய்வில், வன்புணர்வு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதல்முறை அதைச் செய்தது பதின்ம வயதில். பதினைந்து வயது உபதேசத்துக்குச் சரியான வயது அல்ல. நடைமுறைக்குச் சரியான வயது. தங்கையைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஏவுகிறானா? அவனே எழும்பிப் போய் எடுக்கட்டும். தங்கை கிச்சுக்கிச்சு போதும் என்றால் அந்த நொடியிலேயே நிறுத்த வேண்டும், விளையாட்டானாலும். மச்சாளைக் கிள்ளினால் நீங்கள் சிரிக்காதீர்கள்; எல்லோர் முன்னும் "அவளுக்குப் பிடிக்கவில்லை, கையை எடு" என்று சொல்லுங்கள். மைத்துனிமாருக்கு முகம் கறுத்தாலும் பரவாயில்லை. கையில் கைபேசி இருந்தால் ஆபாசப் படங்கள் அவனை எட்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பறித்து அடிப்பதைவிட, அதில் வருவது நடிப்பு, அதில் யாரும் யாரிடமும் விருப்பம் கேட்பதில்லை, நிஜத்தில் கேட்காமல் தொடுவது குற்றம் என்று அவனுடைய தகப்பனே சொல்வது பயன் தரும். உங்கள் கணவர் உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அவன் எந்தப் பேச்சையும்விட உற்றுக் கவனிக்கிறான். இதைக் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆண் பிள்ளைகளும் துஷ்பிரயோகத்துக்கு ஆளாகிறார்கள். சிறுவயதில் அதை அனுபவித்தது பின்னாளில் வன்முறையில் இறங்கும் அபாயத்தைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அனுபவித்தவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தீண்டுவதில்லை. இதை வாசிக்கும் யாராவது ஒருவர், தனக்கு நடந்ததால் தானும் அப்படி ஆகிவிடுவேனோ என்று அஞ்சிக்கொண்டிருந்தால், அந்த அச்சம் தேவையில்லை.

இனி உங்கள் வீட்டு விஷயம். அவர் சடங்குக்கு உங்கள் வீட்டுக்கு வரக்கூடாது. கணவரே போய், ஆள் அனுப்பாமல், நேரில் சொல்ல வேண்டும்: வழக்கு முடியும்வரை எங்கள் வளவுக்குள் வராதே என்று. சொந்தம் முறியும் என்பார்கள், முறியட்டும். மகளிடம் அவர் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தாமல், யார் தொட்டாலும், யார் இரகசியம் காக்கச் சொன்னாலும் என்னிடம் வந்து சொல், அம்மா அடிக்கமாட்டேன், ஏசமாட்டேன் என்று சொல்லிவையுங்கள். அப்படி என்றாவது ஒரு பிள்ளை வந்து சொன்னால் குறுக்குக்கேள்வி கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல் பிழை இல்லை" என்ற இரண்டு வசனம் போதும். அண்மையில் நடந்ததென்றால் குளிப்பாட்டாமல், உடுப்பைத் துவைக்காமல் கடதாசிப் பையில் வைத்து, நேரே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பொலிஸ் முறைப்பாடு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கர்ப்பத்தையும் எச்.ஐ.வி. தொற்றையும் தடுக்கும் மருந்துகளை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்களில் உதவி கேட்கலாம்.

சட்டத்தில் இரண்டு விடயங்களை ஊரில் தெரியப்படுத்துங்கள். 16 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளை சம்மதித்தாள் என்ற பேச்சு வழக்கில் எடுபடாது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உடம்பில் காயம் இருந்தால்தான் வன்புணர்வு என்பதும் கிடையாது. முகநூலில் அந்தப் பிள்ளையின் படத்தைப் பகிர்பவர்களுக்கும் சொல்லுங்கள்: பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவதே தண்டனைக்குரிய குற்றம். பிணையில் வந்தவர் பிள்ளையையோ சாட்சிகளையோ மிரட்டினால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அவர்களைப் பாதுகாக்கிறது; உடனே பொலிஸிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

அந்தப் பிள்ளையைப் பராமரிப்பவர்கள் இப்போது தனித்துப் போயிருப்பார்கள். நீங்கள் போய்ப் பாருங்கள். என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடும்; ஒவ்வொரு தவணைக்கும் வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடிக்கோ மட்டக்களப்புக்கோ அலைய வேண்டியிருக்கும், அன்றைய கூலியும் போகும். அடுத்த தவணை எப்போது என்று கேட்டு, கூட வருகிறேன் என்று சொல்லுங்கள். வர முடியாத நாளில் அவர்களுடைய மற்றப் பிள்ளைகளை உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.