பாதுகாப்பு விதியை மீறுகிறார்கள், அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. சாதாரண ஆள் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

முடியும். இந்தியாவில் இதற்குப் பெயர் பொதுநல வழக்கு. தன் சொந்த நஷ்டத்துக்காக இல்லாமல், எல்லோருக்கும் பொதுவான ஒரு கேட்டைத் தடுக்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ போடலாம்.

எதற்கு இப்படி ஒரு வழி? சட்டம் புத்தகத்தில் இருக்கும், அமல்படுத்த வேண்டிய துறை ஆள் இல்லை என்றோ, மேலிடத்து அழுத்தம் என்றோ, சும்மா அலட்சியத்திலோ தூங்கிவிடும். படிக்கட்டில் தொங்குகிறவர்களைப் பார்த்தும் கண்டக்டர் பேசாமல் இருந்தால், உள்ளே இருக்கிற ஒருவர் "விசில் அடிச்சு வண்டியை நிறுத்துங்க"ன்னு சத்தம் போடுவார் இல்லையா, அதேதான். அவர் கண்டக்டர் ஆகிவிடவில்லை, கண்டக்டரை அவருடைய வேலையைச் செய்ய வைக்கிறார், அவ்வளவுதான்.

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் நாசமாக்குகிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பு 1996-ல்தான் வந்தது (ஐந்து வருஷம், பொறுமை வேண்டும்!). மாசுபடுத்தியவரே சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது கோர்ட். தொழிற்சாலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் வேறு.

அப்புறம், வழக்கு போட்டவருக்குப் பணம் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்த அபராதம்கூடச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதிக்குத்தான் போனது.