டெக்ஸ்சுவலில் லேபிள் எழுத்து ஏன் நடுவில் வர மாட்டேன் என்கிறது?

கேட்டவர் பைத்தானில் டெக்ஸ்சுவல் என்ற லைப்ரரியை வைத்து டெர்மினல் ஆப், அதாவது எழுத்துத் திரையில் ஓடும் ஆப், எழுதுகிறார். எழுத்தைக் காட்டும் பெட்டியான லேபிள் ஒன்றைப் போட்டு, தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் டெக்ஸ்ட்-அலைன் சென்டர் என்றும் கொடுத்துவிட்டாராம். எழுத்து இடது ஓரத்தை விட்டு அசையவில்லை.

உண்மையில் அது நடுவில்தான் நிற்கிறது. நம்பவில்லையென்றால் அந்த லேபிளுக்கு பேக்கிரவுண்ட் ரெட் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். திரை முழுக்கச் சிவப்புப் பட்டை வரும் என்று நினைப்பீர்கள். வராது. எழுத்து எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு மட்டும் ஒரு சின்னச் சிவப்புத் துண்டு. லேபிளின் இயல்பு அகலம் ஆட்டோ. பெட்டி எழுத்தின் அளவுக்கே தைத்தது. உறைக்குள் செருகிய கத்தியை உறையின் நடுவில் வை என்றால் எங்கே வைப்பது?

லேபிளின் அகலத்தை (வித்த்) 100% ஆக்குங்கள், உடனே நடுவுக்கு வரும். அல்லது லேபிளுக்குப் பதில் ஸ்டேடிக் என்ற பெட்டியைப் போடுங்கள். லேபிள் ஸ்டேடிக்கிலிருந்து பிறந்ததுதான். ஆனால் ஸ்டேடிக் தானாகவே கிடைக்கிற அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். எழுத்தை விட்டுவிட்டுப் பெட்டியையே நகர்த்த வேண்டுமென்றால், அலைன் என்பதை லேபிளில் எழுதாதீர்கள், அதைச் சுமக்கிற கன்டெய்னரில் எழுதுங்கள். அதிலும் ஒரு குசும்பு உண்டு: உள்ளே நாலு லேபிள் இருந்தால் நாலும் ஒரே கட்டாக நகரும், தனித்தனியாக நடுவுக்கு வராது. தனித்தனியாக வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் சென்டர் என்ற கன்டெய்னருக்குள் வையுங்கள்.

கேட்கவில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன், நான் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்த விஷயம். எங்கள் அடுக்ககத்துத் தண்ணீர் லாரிக் கணக்குக்கு ஒரு குட்டி ஆப் எழுதினேன். ரொக்கம் கொடுத்த லாரிக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 'கேஷ்' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் குறிப்பு. திரையில் அந்தச் சொல்லை மட்டும் காணோம்! டேட்டாபேஸைக் குடைந்தேன், அங்கே பத்திரமாக இருந்தது. லேபிள் சதுர அடைப்பை மார்க்கப், அதாவது எழுத்தை அலங்கரிக்கும் கட்டளை, என்று எடுத்துக்கொள்ளும். போல்டு, ரெட் மாதிரி இதுவும் ஏதோ அலங்காரக் குறி என்று விழுங்கிவிட்டது. அடைப்பில் முதலில் சாய்கோடு வந்தால் இன்னும் மோசம், திறக்காத குறியை மூடுகிறாய் என்று பிழை சொல்லி ஆப்பே விழும். லேபிள் உருவாக்கும்போதே மார்க்கப் ஃபால்ஸ் கொடுத்துவிடுங்கள். மற்றவர்கள் தட்டச்சு செய்த எதைக் காட்டினாலும் இது கட்டாயம்.

தமிழ் எழுதப் போகிறீர்களா? 'தமிழ்' என்ற சொல்லையே எடுங்கள். நமக்கு 3 எழுத்து. நீளத்தை எண்ணும் பைத்தானின் லென் 5 என்கும், ஏனென்றால் இகரக் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். டெர்மினல் திரை சம அகலக் கட்டங்களால் ஆனது; அதில் இந்தச் சொல்லுக்கு எத்தனை கட்டம்? யூனிகோடில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத வகை. இகரக் கொக்கியோ இடம் பிடிக்கும் வகை. அதனால் ஒரு கணக்கில் 4 கட்டம், கொக்கியையும் பூஜ்யமாக எண்ணுகிற இன்னொரு கணக்கில் 3. டெக்ஸ்சுவல் ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு டெர்மினல் மற்றதைப் பிடித்தால், லேபிளைச் சுற்றிப் போட்ட பார்டரின் வலது கோடு வரிக்கு வரி பல்லிளிக்கும். சிஎஸ்எஸ்ஸில் என்ன எழுதினாலும் இது தீராது. நான் தமிழ் லேபிளுக்கு வலது பார்டர் போடுவதையே விட்டுவிட்டேன். லாரி எண்ணும் தொகையும் இடது பக்கம், பெயர் கடைசியில். கோணினாலும் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

எழுத்தை மாற்ற லேபிளை அழித்துத் திரும்பப் போட வேண்டாம். ஐடி கொடுத்து, குவெரி-ஒன்னில் பிடித்து, அப்டேட் என்று அழைத்தால் போதும். வேறு த்ரெட்டிலிருந்து, அதாவது ஆப்பின் பின்னணியில் தனியாக ஓடும் வேலையிலிருந்து, என்றால் மட்டும் கால்-ஃப்ரம்-த்ரெட் வழியாகப் போங்கள்.