லட்ச ரூபா நந்தனார்

கேள்வி: கே.பி.சுந்தராம்பாள் முதல் படத்துலயே ஆம்பள வேஷம் கட்டினாங்களாமே, ஏன்? பொம்பள வேஷம் கிடைக்கலையா? (ஈரோடு வாசகி)

பதில்: கிடைக்கலையாவா, நல்லா கேட்டீங்க போங்க! அந்தம்மா ஊம்னு சொன்னா போதும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. உங்க பக்கத்து கொடுமுடிக்காரங்கதான், சின்ன வயசுல ரயில்ல பாட்டுப் பாடி கஞ்சி குடிச்ச பொண்ணு, அப்புறம் கொழும்பு வரைக்கும் போய் நாடகத்துல கொடி கட்டினாங்க, அங்கதான் நாடக நடிகர் செங்கோட்டை கிட்டப்பாவோட ஜோடி சேந்தது, அவரையே கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு பேரும் மேடை ஏறினா கூட்டம் அள்ளும். 1933 டிசம்பர்ல கிட்டப்பா போயிட்டார், இந்தம்மாவுக்கு அப்போ 25 வயசு. அன்னைக்கு கட்டின வெள்ளைப் புடவைதான் கடைசி வரைக்கும், இன்னொரு ஆம்பளைக்கு ஜோடியா நடிக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம்.

சினிமாக்காரங்க விடல. தொல்லை விட்டா சரின்னு இந்தம்மா ஒரு லட்சம் ரூபா கேட்டாங்களாம், 1935ல லட்சம்னா யோசிச்சுப் பாருங்க, சினிமாக்காரங்களோ சரின்னுட்டாங்க! அப்புறம் என்ன பண்றது, சிவபக்தர் நந்தனாராவே நடிச்சாங்க, நந்தனாருக்குத்தான் ஜோடியே கிடையாதே. நந்தனாரோட பண்ணை முதலாளி வேதியரா வந்தது மகாராஜபுரம் விஸ்வநாதய்யர், அவர் கச்சேரி வித்வான். பாட்டுக்குக் குறை சொல்ல முடியாது, படம்தான் போட்ட காசுக்கு ஓடல.

இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா, 1953ல ஔவையார், 1964ல பூம்புகார்ல சமணத் துறவி கவுந்தியடிகள்னு பின்னாடி வந்ததும் இதே மாதிரி வேஷந்தான். இதையெல்லாம் தியாகம்னு மட்டும் சொல்றதுல எனக்கு இஷ்டமில்ல, தன் நிபந்தனைக்கு சினிமாவை வரவச்ச கெட்டிக்காரத்தனம்னு சொல்வேன்.

கேள்வி: அவங்க குரல் ஏன் அவ்வளவு கணீர்னு இருக்கு? (தேனி வாசகர்)

பதில்: மைக் இல்லாத காலத்து நாடகக் குரல் சார் அது, கடைசி வரிசையில தரை டிக்கெட்ல உக்காந்திருக்கறவனுக்கும் கேக்கணும், இல்லேன்னா விசிலடிச்சே இறக்கிடுவான். திருவிளையாடல்ல 'பழம் நீயப்பா' கேளுங்க, 1965, வயசு 57 கிட்ட. 'ஞானப்பழம்'னு மேல ஏர்றப்போ எங்கயாவது மூச்சு வாங்குதா பாருங்க. துணைவன் படத்துப் பாட்டுக்கு தேசிய விருதே குடுத்தாங்க, 1970ல பத்மஸ்ரீ.

கேள்வி: எம்.எல்.ஏ.வா இருந்தாங்களா? (சேலம் வாசகர்)

பதில்: எம்.எல்.சி. காங்கிரசுக்கு ஊர் ஊரா பாடி ஓட்டு சேத்தவங்க, மேல்சபைக்கு அனுப்பினாங்க.