மருத்துவர் பதில்: நட்சத்திரம் காட்டப் பச்சை லேசர் வாங்கலாமா?

கேள்வி: வாணியம்பாடி பக்கத்தில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். டிசம்பரில் பிள்ளைகளை ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போய் நட்சத்திரம் காட்டப் போகிறோம். அதற்காக முதல்முறையாகக் கையடக்கப் பச்சை லேசர் ஒன்று வாங்க வேண்டும். ஆன்லைனில் மலிவாக ஒன்று பார்த்தேன். ஸ்டிக்கரில் ஒளியின் திறன் 5 மில்லிவாட்டுக்குக் கீழே என்றும், விளம்பரத்தில் தீக்குச்சி பற்றவைக்கும் என்றும் போட்டிருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடியும் கூடவே இலவசம். கண்ணுக்கு ஆபத்து உண்டா டாக்டர்?

பதில்: தீக்குச்சி என்ற சொல்லைப் பார்த்ததுமே அந்தப் பக்கத்தை மூடியிருக்கலாம், டீச்சர். 5 மில்லிவாட்டில் தீக்குச்சி பற்றாது. ஒன்று ஸ்டிக்கர் பொய், இல்லை விளம்பரம் பொய். எது பொய் என்று கண்டுபிடிக்க உங்கள் கண்ணைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஸ்டிக்கரை நம்ப முடியாது என்பதை நான் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 122 லேசர் பாயிண்டர்களை அளந்து பார்த்து 2013இல் முடிவைச் சொன்னது. பச்சையில் ஏறக்குறைய 90 சதவீதம் அந்த நாட்டுப் பாதுகாப்பு விதிக்குள் அடங்கவில்லை. சிவப்பில் 44 சதவீதம்.

பச்சைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கோளாறு என்றால், பெரும்பாலான மலிவுப் பேனாக்களில் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. உள்ளே இருக்கும் டயோடு 808 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் தருகிறது. ஒரு படிகம் அதை 1064 ஆக்குகிறது. இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாக வெளியே விடுகிறது. மிச்சமான அகச்சிவப்பைத் தடுக்க ஒரு சின்ன ஃபில்டர் வேண்டும். காசை மிச்சம் பிடிக்கிறவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான். நிஸ்ட் 2010இல் சோதித்த ஒரு 10 மில்லிவாட் பேனாவில் பச்சை மங்கலாகத்தான் வந்தது. அகச்சிவப்போ கிட்டத்தட்ட 20 மில்லிவாட் கசிந்தது. பளிச்சென்ற பச்சை என்றால் கால் நொடியில் இமை தானாக மூடிக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத ஒளிக்கு இமை எப்படி மூடும்? இந்தப் படிகங்கள் குளிரிலும் சரியாக வேலை செய்யாது. டிசம்பர் இரவில் மலைமேல் லேசர் மங்கினால், பிள்ளைகள் முதலில் செய்வது முனையைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்ப்பதுதான்.

என்னிடம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். திருவிழாக் கடை லேசரை யார் அதிக நேரம் பார்ப்பது என்று நண்பர்களுக்குள் பந்தயம். பந்தயத்தில் அவன் ஜெயித்தும்விட்டான். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் வீட்டிலும் சொல்லவில்லை. "பந்து பாதி வழியில காணாமப் போகுது டாக்டர்" என்றான். விழித்திரையின் அடுக்குகளைப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேனில், விழித்திரையின் மையப் பகுதியான மாகுலாவின் நட்டநடுவே வெளியடுக்கு அறுந்திருந்தது. நாம் எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அந்த இடத்தால்தான். சில மாதங்களில் ஓரளவு தேறினான், முழுதாக அல்ல. இதைப் பழையபடி ஆக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. இருட்டில் கண்மணி நன்றாக விரிந்திருக்கும், கற்றை முழுக்க உள்ளே போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த இலவசக் கண்ணாடியைத் தூக்கிப் போடுங்கள். எந்த அலைநீளத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அச்சிடாத கண்ணாடி வெறும் நிறப் பிளாஸ்டிக். பச்சையைத் தடுப்பது அகச்சிவப்பையும் தடுக்கும் என்று சொல்ல முடியாது. அதுவும் போக, பச்சையை நிஜமாகவே தடுத்துவிட்டால் நீங்கள் காட்டும் கற்றை உங்களுக்கே தெரியாதே! எதிரே நிற்கும் நாற்பது பிள்ளைகளுக்கு அது எப்படியும் உதவப் போவதில்லை.

சரி, எதை வாங்குவது? அளவிட்ட சான்றும் பில்லும் தருகிற, பெயர் தெரிந்த கடையில் 5 மில்லிவாட்டுக்குள் வாங்குங்கள். மலை இருட்டில் நட்சத்திரம் காட்ட அதுவே தாராளம். 520 நானோமீட்டர், நேரடிப் பச்சை டயோடு என்று கிடைத்தால் கூடுதல் நல்லது, அதில் இந்த அகச்சிவப்புத் தொல்லை இல்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தால் மட்டும் எரிகிற வகையாக இருக்கட்டும்.

பிள்ளைகள் உங்களுக்குப் பின்னால் நிற்கட்டும். ஜன்னல் கண்ணாடி, பைக் கண்ணாடி, ஸ்டீல் டம்ளர் எதன்மேலும் அடிக்காதீர்கள். திரும்பி வரும் கற்றையும் கற்றைதான். வானில் நகரும் விளக்கு எது தெரிந்தாலும் உடனே அணைத்துவிடுங்கள், விமானிக்குக் கண் கூசிவிடும். காவலூர் வானாய்வகமும் அதே மலையில்தான், அந்தப் பக்கம் லேசரே வேண்டாம்.

யார் கண்ணிலாவது பட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்க விடாதீர்கள். ஒரு கண்ணை மூடி, கட்டம் போட்ட கணக்கு நோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் மறு கண். கோடு வளைந்தாலோ நடுவில் கறை தெரிந்தாலோ மறுநாளே விழித்திரை மருத்துவரிடம் போக வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி உங்கள் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். "ஒரே ஒரு தடவை மிஸ்" என்று கட்டாயம் கேட்பார்கள். தராதீர்கள்.