தோற்ற பிறகு எந்தத் தெருவுக்குப் போவது?

கேள்வி: பதினெட்டு வருஷமாகக் கட்சியில் இருக்கிறேன். இந்த முறை எங்கள் வேட்பாளருக்கு டெபாசிட்கூடத் தேறவில்லை. வட்ட அலுவலகத்தில் ஒருவரையொருவர் துரோகி என்று திட்டிக்கொள்கிறார்கள். தலைமையை மாற்றினால்தான் கட்சி பிழைக்குமா? என்னைப் போன்ற பூத் ஏஜென்ட் என்ன செய்ய முடியும்?
- பெயர் வேண்டாம், கொருக்குப்பேட்டை

பதில்: செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் டெபாசிட் திரும்பி வந்துவிடும். உங்களுக்கு வரவில்லை என்றால், ஆறு பேரில் ஐந்து பேராவது உங்களைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அத்தனை பேரையும் எந்தத் துரோகியாலும் கூட்டிக்கொண்டு போக முடியாது. அந்தப் பேச்சை முதலில் விடுங்கள்.

எனக்கு 1991 ஞாபகம் வருகிறது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்டுச் சில வாரங்களில் நடந்த தேர்தல். தி.மு.க.வுக்கு இரண்டே இடம். துறைமுகத்தில் கருணாநிதி வென்றதும் வெறும் 890 ஓட்டில். அவர் பதவி விலகிவிட, எழும்பூர் பரிதி இளம்வழுதி சட்டமன்றத்தில் ஒற்றை ஆளாக நின்றார். பழைய வண்ணாரப்பேட்டையில் என் மாமா அந்தக் கட்சியின் வட்டச் செயலாளர். தெருமுனைக் கொடிக்கம்பத்தை யாரோ அடியோடு அறுத்துப் போட்டிருந்தார்கள். மூன்று நாள் மாமா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நாலாம் நாள் விடியற்காலையில் அத்தை தண்ணி லாரிக்குக் கிளம்ப, "இன்னைக்கு நான் போறேன்" என்று இரண்டு பிளாஸ்டிக் குடத்தையும் வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். நானும் கூடப் போனேன். யாரும் பேசவில்லை. கடைசியில் ஓர் ஆயா கேட்டது: "ஜெயிச்சவனே இன்னும் வந்து எட்டிப் பாக்கல, தோத்துட்டு நீ இன்னாப்பா வந்து நிக்கிற?" மாமா பதில் சொல்லவில்லை. ஆயாவின் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டார்.

அப்புறம் தினமும் போனார். ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, முதியோர் பென்ஷன் மனு எழுதுவது என்று ஆட்சியில் இல்லாதவனும் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. 1996இல் கட்சி 173 இடம் பிடித்தது. கூட்டணியும், அன்றைய ஆட்சி மேல் இருந்த கோபமும்தான் காரணம் என்பார்கள். சரிதான். ஆனால் அந்தக் கோபத்தைக் காதுகொடுத்துக் கேட்க எங்கள் தெருவில் ஓர் ஆள் ஐந்து வருஷமாக இருந்தார்.

தலைமை பற்றிக் கேட்டீர்கள். 1967இல் காமராஜர் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 ஓட்டில் தோற்றார். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். தலைவர் எழுந்துவிட்டார், காங்கிரஸ் இங்கே மறுபடி ஆட்சியைப் பிடிக்கவே இல்லை. ஆளை மாற்றுவதும் வைத்திருப்பதும் மேலிடத்து வேலை. உங்கள் வேலை வேறு.

தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் 20ஆம் படிவம் கிடைக்கும். பூத் வாரியாக யாருக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். போன மூன்று தேர்தலுக்கும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பூத் நம்பர் மாறியிருக்கும், அதை நம்பாதீர்கள். தெருப் பெயரை வைத்துப் பாருங்கள். சில இடத்தில் உங்கள் ஓட்டு எதிரிக்குப் போயிருக்காது, குடிசைகளை எடுத்துவிட்டு ஆட்களைக் குடியேற்றும் பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ வீட்டோடு போயிருக்கும். அப்படி அங்கே மாற்றப்பட்டவர்களின் பெயர் இன்னும் பழைய பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதிகம் குறைந்த தெருவுக்கு முதலில் போங்கள். திட்டுவார்கள். மறுத்துப் பேசாமல் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கட்சித் துண்டு வேண்டாம், போட்டோ எடுக்க ஆள் வேண்டாம். மழைக்கு முன்னால் ஒரு சுற்று முடித்துவிடுங்கள் தம்பி. எந்தெந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கட்டும்.