க்ரூஸர் பைக்கும் வால் எலும்பும்

கேள்வி: வயது 46. ரப்பர் வியாபாரம். ஒன்றரை ஆண்டாக 350 சிசி க்ரூஸர் பைக் ஓட்டுகிறேன். புனலூர் வரை போய்வந்தால் ஒன்றும் தெரிவதில்லை. கொல்லம் வரை போனால் வால் எலும்பு வலிக்கிறது. இறங்கும்போது சுருக்கென்று குத்துகிறது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. ஐப்பசியில் மனைவியுடன் இதே பைக்கில் கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குப் போகத் திட்டம். ஜெல் சீட், உயரமான ஹேண்டில்பார், விண்ட்ஷீல்டு, முன்னால் நீட்டிய ஃபுட்ரெஸ்ட் எல்லாம் போட்டால் வலி தீரும் என்கிறார் மெக்கானிக். போடலாமா? முதுகுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
- வாசகர், செங்கோட்டை

பதில்: பணம் செலவழிப்பதற்கு முன் வீட்டில் ஒரு காரியம் செய்து பாருங்கள். முதுகு சாயாத ஸ்டூலில் உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்கு நேர் கீழே ஊன்றுங்கள். இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கையை வையுங்கள்; முதுகெலும்பு உள்வாங்கிய ஒரு குழிவு தெரியும். இப்போது கால்களை முன்னால் நீட்டுங்கள். குழிவு மறைந்து முதுகு வெளிப்புறம் வளைவதைக் கையே சொல்லிவிடும். இடுப்பு பின்னோக்கிச் சரிந்து, புட்டத்தின் இரண்டு எலும்புகள் தாங்க வேண்டிய பாரத்தில் ஒரு பங்கு வால் எலும்புக்குப் போய்விடுகிறது. க்ரூஸரில் நீங்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது இப்படித்தான்.

அதனால் ஃபுட்ரெஸ்டை இன்னும் முன்னால் தள்ளும் யோசனையை நான் அடியோடு மறுக்கிறேன். கால் முன்னால் போகப் போக, பள்ளம் வரும்போது பாதத்தை ஊன்றிப் புட்டத்தைச் சற்றுத் தூக்கும் வழி இல்லாமல் போகிறது. புளியரை எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவு வழியாக இறங்கும் பாதையில் எத்தனை முறை அப்படித் தூக்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தூக்க முடியாவிட்டால் ஒவ்வொரு அடியும் நேராக முதுகுத்தண்டில் இறங்கும். வண்டிக்குப் பொருந்துமானால், பாதத்தைச் சில அங்குலம் பின்னால் கொண்டுவரும் ஃபுட்ரெஸ்டைத் தேடுங்கள். பிரேக், கியர் மிதிகளும் கூடவே நகர வேண்டும்.

அடுத்து சீட். மெத்தென்று இருந்தால் வலிக்காது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது முதல் அரை மணி நேரத்துக்குத்தான் உண்மை. கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். அடித்தகடு தட்டுப்பட்டால் அந்த நுரை உங்கள் எடையைத் தாங்காது. எலும்பு தகட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சற்றுக் கெட்டியான, அகலமான நுரை, வால் எலும்பு படும் இடத்தில் மட்டும் ஒரு பள்ளம்: சீட் தைப்பவரிடம் இப்படிக் கேளுங்கள். ஜெல் வெயிலில் சூடேறிக் கிடக்கும். எனக்கு அதில் நாட்டமில்லை.

விரல் மரப்பது வேறு கதை. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் போகும் நரம்பு, முழங்கையின் உட்புறமாக வந்து மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. முழங்கையை வெகுநேரம் மடக்கி வைத்தாலும், பிடி உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தினாலும், அதிர்வு ஓயாமல் ஏறினாலும் அது நசுங்கும். உயரமான ஹேண்டில்பார் கையைத் தூக்கி வைத்து இதைக் கூட்டும். உயரம் வேண்டாம், இரண்டு மூன்று செ.மீ. உங்கள் பக்கமாக வந்தால் போதும். முழங்கை இலேசாக மடங்கி, மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். மாற்றிய பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஆக்ஸிலேட்டர் கேபிளும் பிரேக் குழாயும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். திண்டு வைத்த கையுறை உதவும்.

விண்ட்ஷீல்டு போடுங்கள். மார்பில் காற்று மோதினால் பின்னால் தள்ளப்படாமல் இருக்க ஹேண்டிலை இறுகப் பிடிக்கிறோம். கழுத்தும் விரலும் அதனால்தான் களைக்கின்றன. மேல் விளிம்பு மூக்கு மட்டத்தைத் தாண்ட வேண்டாம். மழையில் அதன் மேலாகப் பார்த்து ஓட்ட வேண்டியிருக்கும்.

மாற்றங்களைச் செய்யும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். நீங்கள் போகும் வழியில் பெரும்பகுதி கேரளம்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! பின்சக்கரத்துக்கு மேலேயே உட்காரும் அவருக்குத்தான் குலுக்கல் அதிகம். சாய்மானம் முதலில் அவருக்குப் போடுங்கள். அது இல்லாவிட்டால் பிடிமானத்துக்கு உங்களைத்தான் பற்றிக்கொள்வார். பிரேக் பிடிக்கும்தோறும் அவர் எடையும் உங்கள் கைகளில் இறங்கும். இருவர் போகும்போது பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இரண்டொரு படி இறுக்கி, டயர் காற்றையும் இருவருக்கான அளவில் வையுங்கள்.

ஸ்கேன் இப்போது வேண்டாம். சர்க்கரை, தைராய்டு, பி12 பாருங்கள். இவற்றில் கோளாறு இருந்தால் நரம்பு சீக்கிரம் மரத்துப் போகும். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓட்டாதீர்கள். கொல்லூர் 700 கிலோமீட்டருக்கு மேல். குறைந்தது மூன்று நாளாகப் பிரித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இருவரும் இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

ஆனால் தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வு குறைந்தாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமமானாலோ, கால் பலமிழந்தாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முதுகெலும்பின் அடியில் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி அது. நாள் கடந்தால் மீளாது. பைக்கை விட்டு ஒரு வாரம் ஆகியும் விரல் மரத்தே இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

புறப்படுவதற்குப் பதினைந்து நாள் முன்னதாக, எல்லா மாற்றங்களும் முடிந்த வண்டியில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கொல்லம் வரை போய்வாருங்கள். இறங்கும்போது அந்தக் குத்து இன்னும் இருந்தால், கொல்லூருக்கு ரயிலில் போங்கள்.