கடன் யாருக்குப் பாக்கி?

கேள்வி: டென்மார்க்கின் வடகோடியில் இருக்கும் ஸ்காகன் என்ற கடற்கரை ஊரில், ப்ரோண்டம் குடும்பத்தார் நடத்திய பழைய விடுதியில் தங்கிய ஓவியர்கள் சாப்பாட்டுக் கடனைத் தீர்க்கப் படம் வரைந்து கொடுத்தார்களாம். சோற்றுக்கு வழியில்லாத கலைஞர்களிடம் படங்களைக் கறந்த வியாபாரியைக் 'கடல் ஓவியத்தின் புரவலர்' என்று புகழ்வது அநியாயம் இல்லையா? – ஒரு வாசகர்

பதில்: 'புரவலர்' என்ற பட்டம் கொஞ்சம் மிகைதான். ஆனால் உங்கள் இரக்கம் தப்பான ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சோற்றுக்கு வழியில்லாதவர்கள் என்று யாரைச் சொல்கிறீர்கள்? அந்தக் கூட்டத்தின் நட்சத்திரம் பி.எஸ். குரோயர். 1882இல் ஸ்காகனுக்கு வருவதற்கு முன்பே, ஹிர்ஷ்ஸ்ப்ருங் என்ற புகையிலை முதலாளியின் பணத்தில் 1877 முதல் 1881 வரை ஐரோப்பாவைச் சுற்றியவர். விடுதியின் சாப்பாட்டு அறையில் ஓவியர்கள் பகல் உணவுக்கு அமர்ந்திருப்பதை அவரே 1883இல் வரைந்திருக்கிறார். மேஜையைச் சுற்றிச் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். பட்டினி முகம் ஒன்றைக்கூட நான் அதில் காணவில்லை.

1874இல் வந்த மைக்கேல் ஆங்கர் பணக்காரர் அல்லர். ஆனால் 1880இல் விடுதிக்காரரின் மகள் அன்னாவையே மணந்துகொண்டார். மாமனார் வீட்டுச் சாப்பாட்டுக்கு எந்த ஊரில் ரசீது போடுகிறார்கள்?

விடுதி எதைக் கொடுத்தது என்பதையும் பாருங்கள். 1890இல்தான் ஸ்காகனுக்கு ரயில் வந்தது. அதுவரை ஃப்ரெடரிக்ஸ்ஹாவனிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மணலில் வண்டி கட்டிப் போக வேண்டும். மணல் என்றால் சாதாரண மணல் இல்லை. ஊரின் பழைய தேவாலயத்தையே புதைத்து, 1795இல் அதை இழுத்து மூட வைத்த மணல். இன்று அதன் கோபுரம் மட்டும் நிற்கிறது. இப்படி ஓர் இடத்தில் கடலை வரைய வருகிறவனுக்கு ஒரு நாள் பயணம் போதாது. புயல் வரும்வரை, ஒளி மாறும்வரை, மீனவர்கள் பழகி முகம் கொடுக்கும்வரை வாரக்கணக்கில் தங்க வேண்டும். தங்குவதற்குக் கூரையும், அடுப்பும், மாலையில் சண்டை போட மேஜையும் வேண்டும். ப்ரோண்டம் வீட்டில் இவை இருந்தன. கூடவே ஒரு மளிகைக் கடையும் இருந்தது.

அந்தக் கடை சின்ன விஷயம் இல்லை. கடலுக்குப் போக முடியாத நாளில் மீனவர்கள் வந்து கூடிய இடம் அது. இருட்டான உட்புறத்தில் அவர்கள் வேலையின்றிப் பொழுது போக்கும் காட்சியைக் குரோயர் வந்த வருடமே வரைந்துவிட்டார். மைக்கேலுக்கு அது பிடிக்கவில்லை. தன் மாமனார் கடை, தான் எட்டு வருடமாகப் பழகிய முகங்கள், நேற்று வந்தவன் தூக்கிக்கொண்டு போகிறான் என்ற எரிச்சல். நீங்கள் தேடும் சுரண்டல் பற்றிய தகராறு அங்கே நடந்தது உண்மைதான். ஆனால் அது ஓவியருக்கும் ஓவியருக்கும் இடையில் நடந்தது. மீனவர்களின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என் வழக்கும் இதுதான். 'முனையைக் கடந்துவிடுவானா?' என்று மைக்கேலின் படம் ஒன்று. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, அரசர் ஒன்பதாம் கிறிஸ்டியனிடம் போய்ச் சேர்ந்தது. எண்ணெய்த் துணி உடையும் நீள பூட்ஸும் அணிந்த மீனவர்கள் கரையில் நின்று கடலைப் பார்க்கிறார்கள். ஆபத்தில் இருக்கும் படகு படத்தில் இல்லவே இல்லை. அது தப்புமா என்பதை அந்த முகங்களில்தான் தேட வேண்டும். கடல் ஓவியம் என்றால் அலையும் பாய்மரமும் என்று நினைப்பவர்கள் இந்தப் படத்தின் முன் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

அந்த முகங்கள் நடிக்கவில்லை. ஸ்காகனில் துறைமுகம் திறக்கப்பட்டது 1907இல். அதற்கு முன் படகுகளை அலை உடையும் கரையில்தான் ஏற்றி இறக்க வேண்டும். 1862 டிசம்பரில் 'டாஃப்னே' என்ற ஸ்வீடன் கப்பல் தரைதட்டியபோது, காப்பாற்றப் போனவர்களில் எட்டுப் பேர் மூழ்கிப் போனார்கள். அன்று மற்றவர்களைக் கரை சேர்த்த லார்ஸ் குரூஸ் என்ற மீனவர், 1894இல் தன் சொந்தப் படகைக் கரைசேர்க்கும் முயற்சியில் கடலில் போனார். இரண்டு வருடத்தில், மூழ்கி இறந்த மீனவர் கிடத்தப்பட்டிருக்கும் காட்சி மைக்கேலின் பெரிய படம் ஆனது. பாக்கி வசூலிக்க வேண்டும் என்றால் இந்த மீனவர்களுக்காக ஓவியர்களிடம் வசூலியுங்கள்.

குரோயரின் படங்களிலோ மீனவர்கள் மெல்ல ஓரம் போகிறார்கள். 1893இல் குரோயர் வரைந்த கோடை மாலைப் படத்தில் அதே கடற்கரை. வெள்ளை உடையில் அன்னாவும், குரோயரின் மனைவி மரீயும் நீல ஒளியில் உலாவுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வலை இழுப்பவர் யாரும் அதில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஓவியர் வட்டத்தின் தூண்களில் அந்த ஊரிலேயே பிறந்தவர் அன்னா மட்டுமே. கடலை அதிகம் வரையாதவரும் அவரே. அவர் பிறந்தது 1859 ஆகஸ்ட் 18. அந்த நேரம் விடுதிக்கு வந்திருந்தவர் கதாசிரியர் ஹான்ஸ் ஆண்டர்சன். சாப்பாடு தாமதமானதற்கு அவர் போட்ட சத்தத்தில்தான் அன்னாவின் தாய்க்கு வலி எடுத்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் கோபன்ஹேகன் கலைக் கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை; 1888 வரை அதே நிலை. தனியாகக் கற்பித்த ஆசிரியரோ, கல்யாணமானதும் வண்ணப்பெட்டியைக் கடலில் போட்டுவிடு என்றாராம். அன்னா போடவில்லை. தாயின் நீல அறையில் ஜன்னல் வெயில் சுவரில் விழ, மகள் ஹெல்கா முதுகைக் காட்டிக் குனிந்து பின்னல் போடுவதை 1891இல் வரைந்தார். கடல் கண்ணில் படாத இந்தப் படத்துக்குத்தான் அந்த விடுதியின் எல்லாப் படங்களிலும் முதலிடம் கொடுப்பேன்.

வியாபாரிக்கு லாபமே இல்லையா என்றால், இருந்தது. படங்கள் பரவப் பரவ ஊருக்குப் பெயர் வந்தது, ரயில் வந்தது, அறைகள் நிரம்பின. ஆனால் அன்னாவின் சகோதரர் டெய்ன் ப்ரோண்டம் என்ன செய்தார்? 1908இல் அதே சாப்பாட்டு அறையில் கூடி ஸ்காகன் அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். கட்டடத்துக்கு விடுதியின் தோட்டத்தைக் கொடுத்தார்; 1928இல் அது திறந்தது. 1946இல், கூரையை ஒட்டி வரிசையாகப் பதித்திருந்த ஓவியர்களின் உருவப்படங்கள் உட்பட அந்தச் சாப்பாட்டு அறை முழுவதும் பெயர்த்து அங்கே வைக்கப்பட்டது. ஒவ்வொரு படமாக விற்றுக் காசாக்க எல்லா வசதியும் இருந்த குடும்பம் இது. படம் கறந்த வியாபாரி தோட்டத்தையும் அறையையும் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போவானேன்? உங்கள் கணக்கில் இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள் என்று அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.